நரி வாசலுக்கு வரவில்லை

புனே நகரின் வடமேற்கு விளிம்பிலுள்ள பாணேர், 1997-ல் மாநகராட்சியோடு சேர்க்கப்படும்வரை ஒரு கிராமமாக இருந்தது. இன்று அடுக்ககங்களும் மென்பொருள் அலுவலகங்களும் நிறைந்த அப்பகுதியிலும் அதைப் போன்ற பகுதிகளிலும் வாழும் வசதியுள்ள குடும்பங்கள் பல, சாஸ்வட், ஜேஜுரி, மோர்காவ், சுபே என நகருக்குத் தென்கிழக்கே விரியும் வறண்ட மேட்டுநிலத்தில் மனை வாங்கிப் பண்ணைவீடு கட்டிக்கொண்டு, வார இறுதியை அங்கே கழிக்கின்றன. அந்த வீட்டின் சுற்றுச்சுவர் ஓரத்தில் அந்திப்பொழுதில் ஒரு நரி தென்பட்டுவிட்டால், அதைப் பற்றிய கருத்தும் உடனே தயாராக இருக்கிறது: நரி வருவது நிலம் நலமாக இருப்பதற்குச் சான்று, வந்த விலங்குக்கு ஏதேனும் உண்ணக் கொடுப்பது அன்பு, அது பழகியபின் அருகிலிருந்து படமெடுத்து நாலு பேருக்குக் காட்டுவது காட்டுயிர்ப் பாதுகாப்புக்குச் செய்யும் தொண்டு. ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதுபோல் தோன்றும் இம்மூன்று கூற்றுகளும் படித்தவர்களிடையே ஏறத்தாழ மறுப்பின்றி ஏற்கப்பட்டிருக்கின்றன. மூன்றும் தவறானவை, அவற்றால் இழப்பு அடைவது படமெடுப்பவர் அல்லர் என்பதால், அத்தவற்றைப் பொறுத்துக்கொண்டு போவதற்கும் இல்லை.

பேச்சு எந்த விலங்கைப் பற்றியது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் நரி, குள்ளநரி என்ற சொற்கள் ஊருக்கு ஊர் இடம் மாறி வழங்குவதால், இரண்டு வேறு விலங்குகள் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. 8 முதல் 11 கிலோ வரை எடையுள்ள, கூட்டாக ஊளையிடும், கரும்புக்காடு முதல் குப்பைமேடு வரை எங்கும் பிழைத்துக்கொள்ளும் விலங்கை மராத்தியர் கோல்ஹா என்பர். இக்கட்டுரையில் அது குள்ளநரி எனப்படும். 2 முதல் 3 கிலோ அளவே எடையுள்ள, பெரிய கூர்ங்காதுகளும் கருநுனி கொண்ட அடர்ந்த வாலும் உடைய, இந்தியத் துணைக்கண்டத்துக்கு வெளியே எங்கும் இல்லாத சிறு விலங்கை அவர்கள் கோகட் என்பர். அதுவே இந்திய நரி, வங்காள நரி என்றும் வழங்குவது. நடக்கும்போது தாழ்ந்து தொங்கும் அதன் வால் ஓடும்போது தரைக்கு இணையாக நீள்கிறது. சட்டென்று திரும்பும்போது ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்கிறது. துரத்தும் பகையை வலிமையால் வெல்ல முடியாத உடலுக்கு அந்தத் திருப்பமே உயிர்காப்பு. அத்திருப்பத்துக்கு மறைவில்லாத அகன்ற புல்வெளி வேண்டும். அந்நிலம் இல்லாமல் அவ்விலங்கு இல்லை. கிராமத்து வீட்டைச் சுற்றி நரியைக் காண்பது பற்றிய எந்த விவாதமும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் கூற்று இவ்விடத்திலேயே தளர்ந்துவிடுகிறது. சோலாப்பூருக்கு அருகே, கானமயிலுக்காக 1979-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்தின் பகுதியான நான்னஜ் புல்வெளியில் அபி தமீம் வனக்கும் மேத்யூ காம்ப்பரும் இந்திய நரிகளின் கழுத்தில் வானொலிப் பட்டை கட்டி, அவை எங்கே அலைகின்றன, எங்கே படுக்கின்றன என்று பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். வானொலிப் பட்டை என்பது இடைவிடாமல் குறிகை அனுப்பும் சிறு கருவி. அதைக்கொண்டு விலங்கைக் காணாமலே அதன் இருப்பிடத்தைக் கணிக்கலாம். மனிதரும் கால்நடையும் நிறைந்த அந்நிலப்பரப்பில் நரிகள் நாடியது புல்வெளியையும் தரிசையும்தான்; பயிர்நிலத்தையும் குடியிருப்பையும் அவை தவிர்த்தன. மனிதருக்குப் பக்கத்தில் வாழ்வதையும் மனிதரைத் தேடி வருவதையும் ஒன்றாகக் கருதிவிடுவதே முதல் கூற்றின் பிழை. வீடு கட்டப்பட்ட இடம் முன்பு அதன் வேட்டைநிலமாக இருந்திருக்கும். மிஞ்சிய வழியில் அது கடந்து போகிறது. முற்றத்து விளக்கில் மொய்க்கும் வண்டும் களஞ்சியத்து எலியும் அதைச் சற்றே நிறுத்தி வைக்கின்றன. இதை நிலத்தின் நலத்துக்குச் சான்றாகக் கொள்வது, வெள்ளத்தில் வீடிழந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பவர்களைக் கண்டு ஊரில் கல்வி வளர்ந்துவிட்டது என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இதற்கு மேல் ஒரு காரணமும் இருக்கிறது. அதைப் பேசாமல் நரியைப் பற்றி மட்டும் பேசுவது பாதி உண்மையாகவே முடியும். ஆண்டுக்குச் சில மாதங்களே மழை காணும் தக்காண மேட்டுநிலத்துப் புல்வெளிகள் அரசின் பதிவுகளில் பெரும்பாலும் தரிசு, புறம்போக்கு, பயனற்ற நிலம் என்ற தலைப்புகளின் கீழேயே அடங்கியிருக்கின்றன. மரம் அடர்ந்ததே காடு என்ற பழைய எண்ணத்திலிருந்து பிறந்த இந்த வகைப்பாட்டை, நாடெங்குமுள்ள பாழ்நிலங்களின் வரைபடத் தொகுப்பு என்ற பெயரில் வெளிவரும் அரசு ஏடுகள் இன்றளவும் சுமந்துவருகின்றன. பயனற்றது என்று முத்திரை பெற்ற நிலம் தொழிற்பேட்டைக்கும் சூரியமின் பலகைக்கும் எளிதில் போகிறது. வேளாண்மை சாராத மனையாக மாற்றி விற்கவும் தடையில்லை. போகாமல் மிஞ்சியதிலும் குழி தோண்டி மரம் நட்டுப் பசுமையாக்கும் திட்டம் வருகிறது. புல்வெளியில் நடப்படும் மரம் நரிக்கு உதவுவதில்லை. வெட்டுக்கிளியும் கறையானும் வயலெலியும் தரையில் கூடுகட்டும் பறவையின் முட்டையும் இலந்தைப் பழமும்தான் அதன் உணவு. அவற்றைத் தருவது திறந்த புல்தரை. எனவே வாசலில் நரி தெரிந்த மகிழ்ச்சியில் வீட்டுக்காரர் நான்கு புறமும் சுவர் எழுப்பி, புல்லைச் செதுக்கி, மரக்கன்று நட்டால், விரும்பியது எதுவோ அதையே அவர் அகற்றியவர் ஆவார்.

இரண்டாவது கூற்றான உணவிடுதல், தீங்கின் அளவில் மற்ற இரண்டையும் விடப் பெரியது. ஒரு துண்டுக் கோழி என்ன செய்துவிடும் என்று கேட்கப்படுகிறது. அது என்ன செய்கிறது என்பதை அருகில் சென்று பார்க்கலாம். சுவர் ஓரத்தில் அந்தியில் வைக்கப்படும் கோழித்தோலுக்கும் மிச்சச் சோற்றுக்கும் முதலில் வருவது நரியன்று, நாய். கட்டவிழ்த்துவிடப்பட்ட பண்ணைநாயும் உரிமையாளரில்லாத தெருநாயும் அந்த இடத்தையும் நேரத்தையும் இரண்டொரு நாளில் கற்றுக்கொள்கின்றன. நரி பின்னர் வருகிறது. காதுகளைத் தாழ்த்தி, வயிறு தரையில் படும்படி பதுங்கி, நாய் நகரும்வரை காத்திருக்கிறது. நாய் அருகிலிருக்கும்போது நரி உண்பதைக் குறைத்துக்கொண்டு, எச்சரிக்கையாகச் சுற்றிப் பார்ப்பதிலேயே நேரத்தைச் செலவிடுகிறது என்பதை வனக்கும் உடனுழைத்தவர்களும் நடத்திய சோதனை காட்டியிருக்கிறது. அதே நிலத்தில் நாயின் உணவு பெரும்பாலும் மனிதரிடமிருந்து கிடைப்பது, நரியின் உணவு எலியும் பூச்சியும் பழமும் என்பதையும் அவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். அதாவது, இரண்டையும் ஓரளவு பிரித்து வைத்திருந்தது உணவு வேறுபாடே. கோழித்துண்டு வைப்பவர் அந்த வேலியை அகற்றி, இரண்டையும் ஒரே தட்டுக்கு அழைக்கிறார்.

அழைப்போடு நோயும் வருகிறது. அனிருத்த பெல்சாரேயும் வனக்கும் காம்ப்பரும் நான்னஜ் பகுதியின் ஊர்நாய்களின் குருதியைச் சோதித்தபோது, நாய்க்கொள்ளைநோய் எனப்படும் டிஸ்டெம்பர், குடலைத் தாக்கும் பார்வோ ஆகிய நச்சுயிரிகளுக்கு எதிரான எதிர்ப்புப்பொருள் பெரும்பாலான நாய்களிடம் இருந்தது. எதிர்ப்புப்பொருள் இருப்பதன் பொருள், அந்த விலங்கு எப்போதோ அந்நோய்க்கு ஆட்பட்டுப் பிழைத்திருக்கிறது என்பதே. நாய்க்கூட்டத்தில் நோய் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்க, தொகையில் மிகக் குறைந்த நரிகள் அதன் விளிம்பில் வாழ்கின்றன. ஓநாய்க்கும் நாய்க்கும் கலப்பு நேர்ந்திருப்பதை 2023-ல் புனே மாவட்டப் புல்வெளியில் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. 2024-ல் மும்பையின் அலையாத்திக் காட்டு ஓரங்களில் குள்ளநரிகளிடம் வெறிநோய் கண்டறியப்பட்டது. நாயும் காட்டுயிரும் ஒரே முற்றத்தில் சந்திப்பது அழகான காட்சி என்று எண்ணுவதற்கு இவற்றுக்குப் பிறகு இடமில்லை.

இவ்விடத்தில் லண்டன் முன்வைக்கப்படும். அங்கே நரிகள் தோட்டங்களில் உறங்கி, தெருவில் உலவி, மக்கள் வைப்பதை உண்டு வாழவில்லையா என்பது அடிக்கடி எழும் கேள்வி. லண்டனில் வாழ்வது செந்நரி. இந்திய நரியைப் போல் இருமடங்கு எடையுள்ளது. பாலைவன ஓரம் முதல் பனிப்புலம் வரை பரவிய, எதையும் உண்டு எங்கும் பிழைக்கும் இனம். அந்நகரின் தெருக்களில் கூட்டமாகத் திரியும் நாய்கள் இல்லை. இந்த வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டாலும், அதே நாட்டின் பிரிஸ்டல் நகரம் சொல்லும் செய்தி வேறு. தோட்டங்களில் உணவிடும் பழக்கம் வேரூன்றிய, நரிகள் மிக நெருங்கி வாழ்ந்த அந்நகரில் 1994-ல் சொறிநோய் நுழைந்தது. தோலுக்குள் துளைத்து வாழும் நுண்ணிய உண்ணியால் வரும் அந்நோய் இரண்டே ஆண்டுகளில் நரிகளின் எண்ணிக்கையை 95 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்துவிட்டது. லண்டனை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் பிரிஸ்டலையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இந்திய நரி குறைந்த கவலைக்குரியது என்ற வகையில் இருக்கிறதே என்ற வாதமும் உண்டு. இமயத்தின் அடிவாரம் முதல் குமரிமுனை வரை பரவிய இனம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட தொகுப்புக் கருத்து அது. ஜேஜுரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட மேட்டில் வாழும் ஓர் இணையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இனி மூன்றாவது கூற்று. படம் அன்பை வளர்க்கும், அன்பு பாதுகாப்பாக மாறும் என்பது இவற்றுள் வலுவானது. எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. பார்க்காத விலங்குக்காக யாரும் பேசுவதில்லை என்பது பெருமளவு உண்மை. ஆயினும் பார்க்கும் ஆசையே பாதுகாப்பாகிவிடும் என்பதற்கு மாறான சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சேலம் மாவட்டம் வாழப்பாடியைச் சுற்றியுள்ள சின்னமநாயக்கன்பாளையம் போன்ற ஊர்களில், நரி முகத்தில் விழித்தால் மழை பொழியும், வெள்ளாமை பெருகும் என்ற நம்பிக்கையால், வங்காநரி என்று அங்கே வழங்கும் இந்திய நரியைப் பொங்கலையொட்டி வலைவைத்துப் பிடித்து, ஊருக்குள் கொண்டுவந்து, கூட்டத்தின் நடுவே கயிற்றோடு ஓடவிடும் வழக்கம் நீண்டகாலம் இருந்தது. அதில் கலந்துகொண்டவர் எவரும் நரியை வெறுத்தவர் அல்லர். அதன் முகத்தை மங்கலமாகவே கருதினர். வனத்துறை வழக்குப் பதிந்து தண்டத்தொகை விதித்துத் தடுக்க முற்பட்ட அந்த வழக்கத்தை நகரத்துப் படித்தவர்கள் அறியாமை என்று கண்டிக்கின்றனர், கண்டிப்பது சரியே. ஆனால் அதே நகரத்தவர் நரிவளையின் வாயிலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, குட்டி வெளிவரும்வரை நகராமல் நிற்பதற்கும் அந்த வழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு, வலைக்குப் பதில் கேமராவின் வில்லை என்பதைத் தவிர, நரியின் நிலையிலிருந்து பார்த்தால் பெரிதன்று. இரண்டிலும் மனிதருக்கு நரியின் முகம் தேவைப்படுகிறது. இரண்டிலும் அந்தத் தேவைக்கான விலையை நரி கொடுக்கிறது.

வளையோரப் படப்பிடிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதுவே புனேயைச் சுற்றிய பகுதியில் மிகுதியாகப் பரிசும் பாராட்டும் பெறுகிறது. இந்திய நரி குளிர்காலத்தில் இணைசேர்ந்து, ஏழு வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலான கருக்காலத்துக்குப் பின், கோடையின் தொடக்கத்தில் வளைக்குள் குட்டி ஈனுகிறது. ஆண்டுக்கு ஆண்டு அதே வளைகளுக்குத் திரும்புவதால் பழைய வளைக்குப் பல வாய்கள் உண்டாகின்றன. இந்நரியின் வாழ்க்கையைத் தமிழ்நாட்டில் ஆராய்ந்து 1978-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதிய ஏ. ஜே. டி. ஜான்சிங் முதலாக, இதை ஆராய்ந்தவர்கள் வளையை அதன் வாழ்வின் நடுவமாகவே கண்டிருக்கின்றனர். ஆணும் பெண்ணும் சேர்ந்தே குட்டிகளைப் பேணுகின்றன; ஒன்று இரை தேடப் போகும்போது மற்றது அருகில் காவலிருக்கும். வண்டி ஒன்று வந்து நின்றால் காவலிருக்கும் விலங்கு சிறிது தூரம் விலகிப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருக்கும். இரை கொண்டுவந்த துணையும் வளையை நெருங்காது. குட்டிகள் உள்ளே பசித்திருக்கும். படத்தில் இவை எதுவும் தெரிவதில்லை. அமைதியாகப் படுத்திருக்கும் அழகிய நரி மட்டுமே தெரிகிறது. அச்சத்தால் அசையாதிருப்பது அமைதி என்று பெயர் பெறுகிறது. இரவில் கைவிளக்கை அதன் கண்ணில் அடித்துப் பிடிப்பதும், பறக்கும் ஆளில்லா கருவியால் மேலிருந்து துரத்திப் பிடிப்பதும் இதைவிடக் கொடியவை. வளையின் இடத்தைப் படத்தோடு சேர்த்து அறிவித்துவிட்டால், அடுத்த வாரம் பத்து வண்டிகள் வரும். வேட்டைக்காரனுக்கும் அதே வழி திறக்கும். நரிக்கொம்பு என்று இல்லாத ஒன்றைத் தாயத்தாக விற்கும் தொழில் நம்மிடையே இன்னும் அற்றுப்போகவில்லை என்பதை மறப்பதற்கில்லை.

சட்டமும் இங்கே வாய்மூடி இருக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கொல்லுதல், பிடித்தல் ஆகியவற்றோடு துரத்துதலும் இரைவைத்து ஈர்த்தலும் அவற்றுக்கான முயற்சியும் அடங்கும். 2022-ஆம் ஆண்டின் திருத்தம் இந்திய நரியை உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. படத்துக்காக வைத்த கோழித்துண்டு அந்த விளக்கத்துக்குள் வருமா என்று நீதிமன்றம் ஒருநாள் சொல்லட்டும். சட்டத்தை எழுதியோர் துப்பாக்கியை மட்டும் மனத்தில் வைத்து எழுதவில்லை என்பது தெளிவு.

இவ்வளவும் சொல்வது படமே எடுக்கக் கூடாது என்பதற்காக அன்று. இழப்பு படக்கலைக்கும் நேர்கிறது என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது. உணவு வைத்து வரவழைத்த நரியின் படம், நரி எவ்வாறு வாழ்கிறது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கோழித்தோலுக்கு முன் ஒரு விலங்கு எவ்வாறு நிற்கும் என்பதையே சொல்லும். மங்கலாக்கப்பட்ட பின்புலத்தின் முன்னே முகம் மட்டும் நிறைந்த படம் எந்த ஊரிலும் எந்த விலங்குக்காட்சிச் சாலையிலும் எடுக்கப்பட்டிருக்கலாம். கறுப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுத்த சென்னை இயற்கையாளர் மா. கிருஷ்ணன், தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றி நேரு ஆய்வுதவித்தொகையில் மேற்கொண்ட பெரும் கள ஆய்வுக்குத் தம் படங்களையே சான்றுகளாக்கினார். படம் அவருக்கு ஒரு பதிவு, விலங்கைப் பற்றிய ஒரு கூற்று. புனே மாவட்டத்து ஓநாய்க் கலப்பு வெளிப்பட்டதும் வழக்கத்துக்கு மாறான நிறமுடைய விலங்குகளைக் கள ஆர்வலர்கள் கூர்ந்து கவனித்ததிலிருந்துதான். அருகிலிருந்து எடுத்தது என்பதை அன்றி, எதைச் சொல்கிறது என்பதைக்கொண்டு படத்தை மதிக்கத் தொடங்கினால், இன்று பரிசு பெறும் பல படங்கள் பரிசுக்குரியவை அல்ல என்பது விளங்கும்.

இந்த நிலத்துக்கு வேண்டிய படம் வேறு. நரி சிறிதாகவும் புல்வெளி பெரிதாகவும் தெரியும் படம், நாள், பருவம், மேய்ச்சல், அண்டையிலுள்ள மனைப்பிரிவின் கல் ஆகியவற்றோடு ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட்டால், பயனற்றது என்று பதிவேடு சொல்லும் நிலத்தில் என்ன வாழ்கிறது என்பதற்கு அது ஆவணம் ஆகும். நிலப்பயன் மாற்றத்துக்கு மறுப்புத் தெரிவிப்போர் கையில் அது பயன்படும். அதை எடுக்க நரியை நெருங்க வேண்டியதில்லை. வண்டியைத் தடத்திலேயே நிறுத்தி, இறங்காமல், நீள்வில்லையோடு காத்திருந்தால், நரி தானாகவே கறையான் புற்றருகே காதைத் தரைப்பக்கம் சாய்த்து நிற்பதையும் முன்னங்காலால் கிளறுவதையும் காணலாம். அது தலையை உயர்த்திப் பார்ப்பவரையே நோக்கத் தொடங்கினால் தூரம் போதவில்லை என்று கொண்டு பின்வாங்க வேண்டும். உணவு வைக்காமல், வளைக்கு அப்பால், வழக்கமாகக் கடக்கும் தடத்தில் பொருத்திய தானியங்கிக் கேமரா மனிதர் இல்லாத நேரத்து வாழ்வைக் காட்டும். பாராமதி வட்டத்துச் சிர்சுபள், இந்தாபூர் வட்டத்துக் கட்பன்வாடி ஆகிய இடங்களில் வனத்துறை குறித்த தடங்களில் உள்ளூர் வழிகாட்டிகளோடு நடத்தும் புல்வெளிச் சுற்றுலா, தனியார் மனையோரத்துக் கூட்டத்தைவிட மேலான வழி. வளைகளிலிருந்து தூரத்தைக் காக்கும்வரை அது அவ்வாறே இருக்கும்.

பண்ணைவீட்டுக்காரர் செய்யக்கூடியதில் பெரும்பகுதி கேமராவோடு தொடர்பில்லாதது. மனையின் ஒரு பகுதியைச் செதுக்காமல் புல்லாகவே விட்டுவைப்பது. சுற்றுச்சுவருக்குப் பதில் சிறு விலங்கு நுழைந்து வெளியேறும் வேலி அமைப்பது. எலிக்கு நஞ்சு வைக்காதிருப்பது, ஏனெனில் நஞ்சுண்டு தடுமாறும் எலியே நரிக்கு எளிதில் அகப்படும் இரை. வளர்ப்பு நாய்க்கு டிஸ்டெம்பருக்கும் வெறிநோய்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு, மாலையில் அவிழ்த்துவிடாதிருப்பது. மிச்ச உணவை மூடிய தொட்டியில் போடுவது. கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது. முற்றத்து விளக்கை இரவு முழுதும் எரியவிடாதிருப்பது. இவற்றைச் செய்தவர் வீட்டில் நரி தெரியாமலே பல மாதம் போகலாம். வேலிக்கப்பால் தரிசில் அது நடமாடிக்கொண்டுதான் இருக்கும்; ஈரமண்ணில் பதிந்த சிறு கால்தடமும் இலந்தைக் கொட்டை நிறைந்த எச்சமும் அதைச் சொல்லும்.